நெடுந்தூர வெடிகாரர்

மட்டக்களப்புப் படுவான்கரைத் தேத்தண்ணிக் கடைகளில் ஒரு வெடிகாரர் இருப்பார். கையில் துவக்கு இருக்கவேண்டும் என்றில்லை. ஒரு காலத்தில் இருந்தால் போதும். உன்னிச்சைப் பக்கம் அவர் விழுத்திய மான் முதல் தேத்தண்ணிக்கு 80 யாரில் நிற்கும், வடை வந்ததும் 150, புது ஆள் ஒருவர் வாங்கிலில் குந்திவிட்டால் 300. "மான் எங்க தெரிஞ்ச மச்சான், கொம்புதான் மினுங்கின. வச்சன் ஒரு வெடி. மறுகா அது நடக்குமா?" இன்னும் பேசவிட்டால் எழுவான்கரையில் நின்றபடியே வாவிக்கு அங்கால் மேய்வதையும் சாய்த்துவிடுவார். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டம் திருத்தத்துக்கு மேல் திருத்தமாக இறுகி, இன்று மானுக்கோ மரைக்கோ வெடி வைப்பது குற்றம். அதனால் கதைகள் எல்லாம் பழைய காலத்தில்தான் நடக்கும். புளுகினால் யாருக்கு நட்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் தூரம்தான் திறமை என்று பக்கத்தில் இருக்கும் இளந்தாரி நம்பிவிடுகிறானே, எனக்கு வழக்கு அங்கேதான்.

மானை அலைக்கழிக்காமல் சாய்க்கும் இடம், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே இதயமும் சுவாசப்பையும் இருக்கிற 20 சென்ரிமீற்றர் வட்டம். ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு. 300 யார் என்பது கல்லடிப் பாலத்தின் நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சரி. ஒரு தலைப்பில் கோப்பையை வைத்துவிட்டு மறுதலைப்பில் நின்று பார்த்தால் விளங்கும். "கண்ணாடி பூட்டின ரைபிள் என்றால்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. துவக்கை மேசையில் சாத்தி, காற்றும் அடங்கி, கோப்பையும் ஒத்துழைத்தால் படும். மான் ஒத்துழைக்காது. நல்ல ரைபிள் ரவைக்கும் அத்தூரம் போக நொடியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வேண்டும். அதற்குள் நடக்கிற மான் அரை மீற்றர் நகர்ந்துவிடும். நெஞ்சுக்கு வைத்தது வயிற்றில் படும். வயிற்றில் வாங்கிய மான் பற்றைக்குள் மணிக்கணக்காகக் கிடந்துதான் சாகும். வெடிகாரரின் கணக்கில் அந்த மானுக்கு வரியே இல்லை. விழுந்தவை மட்டும் எண்ணப்படுவதால் அவர் ஒருநாளும் பிழைவிட்டதில்லை.

அதோடு, இந்தப் பக்கம் ரைபிளைக் கண்டவர் எத்தனை பேர்? பெரும்பாலும் வாய்வழியே மருந்திடித்து நிரப்பும் இடியன், இல்லாவிட்டால் பயிர்க்காவலுக்கு அனுமதி பெற்ற பன்னிரண்டு துளைத் துவக்கு. எஸ்.ஜி. தோட்டாவில் குண்டுகள் ஒன்பதோ பத்தோ. 40 யாரில் அவை ஒரு மீற்றர் அகலத்துக்குச் சிதறிவிடும். கோப்பைக்குள் ஒன்று விழுந்தால் அதிர்ஷ்டம். இடியனில் 50 யாருக்கு மேல் குண்டு எங்கே போகும் என்று குண்டுக்கே தெரியாது. ஆகவே நேர்மையான தூரத்தைத் துவக்குக் கடைக்காரரால் சொல்ல முடியாது. ஓடி வந்து மூச்சிரைக்க நிற்கும் இந்த ஆள், இந்தத் துவக்கால், பத்து வெடியில் பத்தையும் கோப்பைக்குள் வைக்கும் தூரம் எதுவோ அதுதான். பலருக்கு அது வாசலில் இருந்து கிணற்றடி வரை.

கிட்டப் போனால் மான் மணந்து ஓடிவிடுமே என்பது கடைசி ஆட்சேபம். ஓடும்தான். அதை ஓடவிடாமல் கிட்டப் போவதுதானே வேட்டை? வில்லோடு காடேறிய வேடர் காற்றுப் பார்த்து, சருகு மிதிக்காமல் நெருங்கினார்கள். 1854இல் இலங்கை வேட்டை பற்றிப் புத்தகம் போட்ட சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் நாய்விட்டு மரையை மறித்துக் கத்தியால் குத்தியவர். இரக்கத்துக்குப் பேர்போன மனிதர் அல்ல. ஆனால் கத்தி பிடித்தவருக்குத் தூரத்தைக் கூட்டிச் சொல்ல வழியில்லை.