எவரெஸ்டும் எவரெஸ்டை அண்டாமையும்: ஒரு குடும்பப்பெயர் ஆராய்ச்சி

இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள் எவரெஸ்ட். மலையன்று; குடும்பப்பெயர். மலையைப் பற்றி ஏறியவர்களும் ஏறாதவர்களும் வேண்டிய மட்டும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அந்தப் பெயரைத் தகப்பன் வழியிலோ பாட்டி வழியிலோ சுமந்து திரிந்தவர்களை ஒருசேர நிறுத்தி ஆராயும் பொறுப்பு இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. ஊருக்கு ஊர் காணப்படும் எவரெஸ்ட் லாட்ஜ், எவரெஸ்ட் டிராவல்ஸ், மிளகாய்த்தூள் முதலியன ஆய்வெல்லைக்குப் புறம்பு. அவை மலையிடம் பெயர் கடன் வாங்கியவை. மலையே ஒரு மனிதரிடம் கடன் வாங்கியது. கடனுக்குக் கடன் கணக்கில் சேராது.

ஆய்வின் முடிவைச் சூத்திரமாக முதலிலேயே வைத்துவிடுகிறேன்: பெயருடையார் மலை அண்டார், மலை அண்டினார் அப்பெயர் பெறார். இது அண்டாமை விதி எனப்படும். இனி உரை.

பெயரின் தோற்றம் பிரான்சில், நார்மண்டியைச் சேர்ந்த எவ்ரோ என்ற ஊரில். அவ்வூரிலிருந்து இங்கிலாந்துக்குப் போனவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு சாரார் டெவரோ என்று பிரபுக்களானார்கள். எலிசபெத் மகாராணிக்கு வேண்டியவராக இருந்து, பிறகு வேண்டாதவராகி, 1601இல் தலை போன எஸ்ஸெக்ஸ் பிரபு அந்த வகை. மறுசாரார் எவரெஸ்ட் என்றாகித் தலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பெயரின் முன்னெழுத்து போனால் தலை தப்பும் என்று இதிலிருந்து ஒரு துணைவிதி செய்யலாம். ஆசை இருக்கிறது, இடமில்லை.

முதல் சான்று ஜார்ஜ் எவரெஸ்ட் (1790–1866). இவருடைய வேலைக்கு வித்து நம் ஊரில் விழுந்தது. 1802இல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் உயரே ஏற்றும்போது அவருடைய பெரிய தியோடலைட் என்ற கோணமானி கயிறறுந்து மோதி நசுங்கியது. மனிதர் அசரவில்லை, தாமே உட்கார்ந்து தட்டிச் சரிசெய்தார். 1823இல் லாம்டன் இறந்ததும் வேலை எவரெஸ்ட் கைக்கு வந்தது. குமரிமுனையிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை சுமார் 2,400 கிலோமீட்டருக்கு நீண்ட அந்த அளவையை அவர் முடித்துக்காட்டினார். முன்கோபம் உலகறிந்தது. ஒருவர் தம்மை ‘கம்பாஸ்வாலா’ என்று சொல்லிவிட்டதற்குப் பொங்கியெழுந்தவர்.

முசூரியில் அவருக்கு வீடு இருந்தது. அங்கிருந்து பனிச்சிகரங்கள் தெரியும். நம் சிகரம் தெரியாது. 1843இல் அவர் ஓய்வுபெற்று இங்கிலாந்து போய்விட்டார். அப்போது பதினைந்தாம் எண் எனப்பட்ட அந்தச் சிகரத்தின் உயரத்தை ராதாநாத் சிக்தார் உள்ளிட்டவர்கள் கணக்கிட்டதெல்லாம் அதன் பிறகுதான். சராசரி சரியாக 29,000 அடி வந்ததாகவும், குத்துமதிப்பு என்று உலகம் சிரிக்குமே என்று 2 அடி கூட்டி 29,002 என்று அறிவித்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை பொய்யானாலும் அரசு அலுவலகத்தின் மனம் தெரிந்தவர் கட்டியது. 1856இல், எவரெஸ்டுக்குப் பின் அப்பதவிக்கு வந்த ஆண்ட்ரூ வா, சிகரத்துக்குத் தம் பழைய அதிகாரியின் பெயரை முன்மொழிந்தார். எவரெஸ்ட் அந்தச் சிகரத்தைக் கண்ணால் கண்டதற்குச் சான்றில்லை.

அற்றேல், பெயர் கிடைத்ததில் அவர் மகிழ்ந்திருப்பாரே எனின், அன்று. என் பெயரை இந்தியில் எழுத முடியாது, பாரசீகத்திலும் எழுத முடியாது, அந்த நாட்டு மக்கள் வாயில் அது நுழையாது என்று அவரே 1857இல் தடை சொன்னார். ராயல் புவியியல் கழகம் பொறுமையாக இருந்து 1865இல் பெயரை உறுதிசெய்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். வாயில் நுழையாமல் போனது இந்தியர்களுக்கு மட்டுமன்று. குடும்பத்தார் ‘ஈவ்ரிஸ்ட்’ என்றுதான் சொல்லிவந்தார்கள். இன்று ஆங்கிலேயர் உட்பட உலகமே வேறுமாதிரி சொல்கிறது. ஆக, பார்க்காத மலைக்கு, விரும்பாதவர் பெயர், அவர் சொல்லாத உச்சரிப்பில் நிலைத்தது. அவர் அடக்கமாகியிருப்பது ஹோவ் என்ற கடற்கரை ஊரில். உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்துதானே அளக்கிறோம். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார்.

இரண்டாம் சான்று அவருடைய தம்பி மகள் மேரி எவரெஸ்ட் (1832–1916). இந்த அம்மாளுக்கு ஒரு தனி நூல் வேண்டும். தகப்பனார் பாதிரியார், ஹோமியோபதியில் தீவிரப் பற்று. மேரி மணந்தது ஜார்ஜ் பூலை. இன்றைய கணினிக்குள் ஓடும் ‘ஆம்–இல்லை’ இயற்கணிதத்தின் தந்தையை. 1864இல் பூல் மழையில் நனைந்துபோய் வகுப்பெடுத்துக் காய்ச்சலில் விழுந்தார். நனைந்ததால் வந்த நோய்க்கு நனைப்பதே மருந்து என்று மனைவி ஈரத்தால் வைத்தியம் பார்த்ததாகச் சொல்வார்கள். சான்று மெலிந்தது; ஆகவே அவர் மேல் பழி வேண்டாம். ஐந்து பெண்களோடு நின்றவர், குழந்தைகளுக்கு நூலும் ஊசியும் கொடுத்து அட்டையில் வளைகோடு தைக்கவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

பெண்களில் அலிசியா நான்காம் பரிமாண உருவங்களைக் கட்டி விளையாடினார். எத்தல் எழுதிய நாவல் ரஷ்யாவில் லட்சக்கணக்கில் விற்றது; எத்தலின் கணவர் வாங்கிவந்த வாய்னிச் சுவடியை இன்றுவரை ஒருவராலும் படிக்க முடியவில்லை. மூத்தவள் மேரி எல்லனை மணந்தவர் சார்லஸ் ஹின்டன். இவரும் நான்காம் பரிமாணப் பித்தர். இடையில் பிரின்ஸ்டனில் வெடிமருந்து வைத்துப் பந்தெறியும் பேஸ்பால் யந்திரம் ஒன்றையும் செய்தார். மூன்று பரிமாணத்தில் எத்தனையோ மேடிருக்க, இக்குடும்பம் நான்காவதில்தான் ஏறும் என்று அடம்பிடித்தது. அண்டாமை விதிக்கு இதைவிட நுட்பமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இவ்வழியில் வந்த எள்ளுப்பேரன் ஜெஃப்ரி எவரெஸ்ட் ஹின்டன். 2024இல் இயற்பியல் நோபலில் பங்கு பெற்றவர். பெயர் இங்கே நடுவில் ஒடுங்கிவிட்டது. இலக்கணத்தார் இதைப் புறனடையில் வைப்பார்கள். பூல் வகுத்த தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டே யந்திரத்துக்கு அறிவு ஊட்டலாம் என்று ஒரு கட்சி வெகுகாலம் கோலோச்சியது. அக்கட்சிக்கு எதிரே நரம்பு வலையமைப்பைத் தூக்கிக்கொண்டு நின்றவர் பூலின் எள்ளுப்பேரனே. தாத்தாவின் பாதையும் அண்டார் போலும்.

மூன்றாம் சான்று அமெரிக்கர் ஹைரம் எவரெஸ்ட். ஜார்ஜ் காலமான அதே 1866இல் இவர் ராச்செஸ்டரில் வேக்குவம் ஆயில் கம்பெனியைக் கூட்டாகத் தொடங்கினார். பின்னாளில் மொபில் என்று பெட்ரோல் பங்குகளில் தொங்கிய பெயர்ப்பலகைக்கு வேர் இதில் இருக்கிறது. ஓர் எவரெஸ்ட் உச்சிக்குப் பெயரானார்; இன்னொருவர் வெற்றிடத்தில் காசு பார்த்தார். எவர் கெட்டிக்காரர் என்பது ஆய்வுக்கு வெளியே.

ஊர் ஒன்றும் உண்டு: கான்சாஸ் மாநிலத்தின் எவரெஸ்ட். ஆரன் எவரெஸ்ட் என்ற ரயில்வே வக்கீலின் பெயர். முந்நூறு பேர்கூட இல்லை. சுற்றிலும் சோளக்காடும் புல்வெளியும். ஏறுவதற்கு அங்கே தண்ணீர்த்தொட்டிதான் இருக்க வேண்டும்.

அற்றேல், பெயருடையார் எவரும் உயரம் காணவில்லையோ எனின், கண்டார். ஃபிராங்க் ‘பீட்’ எவரெஸ்ட், அமெரிக்க விமானப்படையின் சோதனை விமானி, 1949 ஆகஸ்ட் 8 அன்று எக்ஸ்-1 ராக்கெட் விமானத்தில் 71,902 அடிக்கு ஏறினார். மலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். எவரெஸ்டின் உயரம் என்ன என்ற வினாவுக்குத் தேர்வுத்தாளில் இந்த எண்ணை எழுதினால் மதிப்பெண் கொடுத்தாக வேண்டும் என்பது என் கட்சி. 1956இல் ஒலியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமும் தொட்டார். ஆனால் இரண்டும் கலிபோர்னியப் பாலைவனத்தின் மேலே. விதி உடையவில்லை.

விதியின் மறுபாதிக்கும் சான்று வேண்டுமல்லவா? மலையை அண்ட நினைத்ததற்கே பெயரை இழந்தவர்கள் உண்டு. 1969இல் பீட்டில்ஸ் குழுவினர் தங்கள் புதிய ஆல்பத்துக்கு எவரெஸ்ட் என்று பெயர் வைக்க நினைத்தார்கள். அவர்களுடைய ஒலிப்பதிவாளர் குடித்த சிகரெட்டின் பெயர் அது. அட்டைப்படத்துக்கு இமயமலைக்கே போகலாம் என்று பேச்சு எழுந்தது. போக வேண்டியது தாங்கள்தான் என்று உறைத்ததும் பேச்சு அடங்கியது. ஸ்டுடியோ வாசலில் இருந்த அபே ரோட்டைக் குறுக்கே கடந்து படமெடுத்து, அந்தத் தெருவின் பெயரையே ஆல்பத்துக்கு வைத்துவிட்டார்கள். படமெடுத்த நாள் ஆகஸ்ட் 8. பீட் எவரெஸ்ட் பறந்து சரியாக இருபது ஆண்டு. வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. பால் மெக்கார்ட்னி செருப்புகூடப் போட்டுக்கொள்ளவில்லை.