முதல் பக்கக்காரர்

சத்தியமங்கலத்தில் பண்ணாரி ரோட்டிலோ கோயம்புத்தூர் ரோட்டிலோ புதிதாக ஒரு கடை திறந்தால், வாசலில் கட்டிய வாழைமரம் வாடுவதற்குள் மூன்று பேர் வந்துவிடுவார்கள். ஒருவர் சீட்டுப் பிடிக்கிறவர்; இன்னொருவர் காலண்டர் அச்சடித்துத் தருகிறவர்; மூன்றாமவர் முதல் பக்கக்காரர். முன்னவர் இருவரையும் ஊர் தலைமுறையாக அறியும். மூன்றாமவர் இணையத்தோடு வந்தவர். தோளில் லேப்டாப் பை, சட்டைப்பையில் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங் கன்சல்டன்ட்' என்ற விசிட்டிங் கார்டு, அலுவலகம் எதுவென்று பார்த்தால் பேக்கரியில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் மேசை. "வெப்சைட் இருக்குதுங்களாண்ணா? இருந்து என்னங்க பண்றது, கூகுள்ல தேடுனா வரோணுமுல்லீங்க? மூணே மாசம், மொத பேஜ்ல உக்கார வெச்சுத் தர்றனுங்க" என்பார். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ் வைத்திருப்பார். சில்வர்காரரும் முதல் பக்கம், பிளாட்டினம்காரரும் முதல் பக்கம் என்றால் வித்தியாசம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் "பேக்லிங்க்கு எண்ணிக்கையில இருக்குதுங்க" என்று பதில் வரும். அதற்குமேல் கேட்கக் கடைக்காரருக்குக் கூச்சம்.

இவர் மோசக்காரர் இல்லை. தன் சரக்கைத் தானே நம்புகிறவர். சிக்கல் என்னவென்றால், விற்கிற இடம் இவருடையதல்ல. புளியம்பட்டி மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். உள்ளே நடப்பது நமக்குத் தெரியாது. ஆனால் துண்டுக்கு வெளியே நிஜமாகவே ஒரு மாடு நிற்கும். நம்மவரிடம் துண்டு மட்டும்தான் இருக்கிறது. முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது, தருகிறேன் என்பவரிடம் கவனமாக இருங்கள் என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. பலன் தெரியப் பொதுவாக நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்றும் அது சொல்கிறது. நம்மவர் மூன்றே மாதத்தில் முடித்துத் தருகிறார் என்றால், கூகுளைவிட அவருக்குக் கூகுளை நன்றாகத் தெரியும் என்றுதான் கொள்ள வேண்டும்.

"ஆனால் வந்துவிட்டதே, கண்ணால் பார்த்தேனே" என்று கடைக்காரர் சொல்லலாம். பார்த்தது உண்மைதான். கல்யாண மாலை கட்டும் கடை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நம்மவர் கடைக்காரரின் கைபேசியையே வாங்கி, கடைப் பெயர், தெருப் பெயர், ஊர்ப் பெயர் மூன்றையும் சேர்த்துத் தட்டுவார். முதல் வரியில் கடை வந்து நிற்கும். அந்தப் பெயரில் அந்தத் தெருவில் வேறு கடை இல்லை, வராமல் எங்கே போகும்? பெயரும் தெருவும் தெரிந்து தேடுகிறவருக்குக் கடைக்கு வழியும் தெரிந்திருக்கும். கடைக்கு வேண்டியவர், பெயரே தெரியாமல் "முகூர்த்த மாலை" என்று தேடுகிறவர். அவருக்காக நம்மவர் எழுதி வைத்திருப்பது இப்படி இருக்கும்: "சத்தியமங்கலத்தில் சிறந்த கல்யாண மாலை தேடுகிறீர்களா? சத்தியமங்கலத்தின் சிறந்த கல்யாண மாலைக் கடையான எங்கள் சிறந்த கல்யாண மாலைக் கடையில் சிறந்த கல்யாண மாலைகள் சத்தியமங்கலத்தில் கிடைக்கும்." இதைப் படித்து முடிக்கிறவர் கல்யாணத்தையே தள்ளிப்போடுவார். போதாததற்கு, இதே சொற்களைப் பக்கத்தின் மறைவில் கீவேர்டு குறிச்சொல்லாகவும் அடுக்கி வைத்து அதற்குத் தனியாகக் கட்டணம் வாங்குவார். அந்தக் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் அறிவித்தது 2009இல்.

பேக்லிங்க்கு விஷயத்தில் மட்டும் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. 1998இல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது அதன் அடிப்படையே அதுதான்: ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் இணைப்புக் கொடுத்தால் அது மதிப்புக்கு அடையாளம், மதிப்புள்ள பக்கம் கொடுத்தால் மதிப்பு இன்னும் கூடும். இணைப்பும் ஒருவகை ஓட்டுதான். ஓட்டுக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்ததும் ஓட்டுக்குப் பணம் என்பதும் வந்துவிட்டது. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விலைக்கு வாங்கிய இணைப்புகளைப் பிடிக்க 2012 ஏப்ரலில் கூகுள் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 2006இல், தேடுபொறிக்கு ஒரு முகம், பார்வையாளருக்கு வேறு முகம் காட்டியதற்காக பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே பட்டியலிலிருந்து தூக்கியது. பிழையைத் திருத்திய பிறகுதான் திரும்பச் சேர்த்தது. அவ்வளவு பெரிய கார் கம்பெனிக்கே அந்தக் கதி என்றால், மாலைக் கடை தூக்கப்பட்டது யாருக்குத் தெரியப்போகிறது? நம்மவருக்குத் தெரியும். ஆனால் அன்று அவர் "கூகுள் அப்டேட் உட்டுட்டானுங்க" என்று மட்டும் சொல்வார். பயிர் போனதற்கு மழையைச் சொல்வதுபோல் யாரும் மறுக்க முடியாத காரணம் அது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பெரிய கம்பெனிகள்தான் மேலே உட்கார்ந்திருக்கின்றன, சின்னக் கடை குறுக்கு வழியில் போகாமல் என்ன செய்யும்? "கல்யாண மாலை" என்ற பொதுச் சொல்லில் சின்னக் கடை தோற்கும் என்பது சரி. ஆனால் ஜனங்கள் தேடுவது பெரும்பாலும் பொதுச் சொல்லை அல்ல, தங்களுக்கு வேண்டிய விவரத்தை. சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் மல்லி, முல்லை, காக்கடா, சம்பங்கி எல்லாம் ஏலத்தில் போகின்றன. விலை நாளுக்கு நாள் மாறுகிறது. மார்கழிப் பனியில் மல்லி வரத்துக் குறைந்தால் விலை எகிறும். இன்றைக்கு மல்லி என்ன விலை, தை முகூர்த்தத்துக்கு மல்லியிலேயே மாலை கட்டினால் எவ்வளவு ஆகும், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், கேரளாவுக்கு அனுப்பினால் வாடாமல் போய்ச் சேருமா? இந்த நான்கு கேள்விக்கும் பெங்களூரில் இருக்கும் கம்பெனியால் பதில் எழுத முடியாது. சத்தியமங்கலத்துக் கடையால் முடியும். லாட்ஜ் வைத்திருப்பவருக்கும் இதே கதைதான். 27 கொண்டை ஊசி வளைவு கொண்ட திம்பம் மலைப்பாதை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. எந்த வண்டியை எத்தனை மணி வரை விடுவார்கள் என்று தெளிவாக எழுதி, விதி மாறும்போதெல்லாம் திருத்தி வைக்கும் லாட்ஜ், "சொகுசான அறைகள்" என்று நாற்பது முறை எழுதிய லாட்ஜை முந்திக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு.

அப்படியானால் முதல் பக்கக்காரர் வேண்டவே வேண்டாமா? அதுவும் சரியில்லை. பக்கம் கைபேசியில் சட்டென்று திறக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ளே இருப்பதைச் சொல்லும் தலைப்பு வேண்டும். தளத்தைக் கூகுளின் சர்ச் கன்சோலில் சேர்த்து, கூகுள் அதைப் படித்ததா என்று பார்க்க வேண்டும். கூகுள் வரைபடத்தில் கடையின் நேரமும் போன் எண்ணும் சரியாக இருக்க வேண்டும். கூகுள் புதுத் தளத்தைப் படிக்காமல் போவதற்குக் காரணம் சில சமயம், தளம் கட்டும்போது "உள்ளே வராதே" என்று போட்ட ஒரு வரியை எடுக்க மறந்ததுதான். இதையெல்லாம் தெரிந்தவர் செய்தால் நல்லது. செய்ததற்குக் கூலியும் கொடுக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை ஒருமுறை செய்து, அவ்வப்போது சரிபார்க்கிற வேலை. மாதாமாதம் பிளாட்டினம் கேட்கிற வேலை இல்லை. இப்போது கூகுளே தேடல் பக்கத்தின் உச்சியில் செயற்கை நுண்ணறிவால் பதிலைச் சுருக்கித் தந்துவிடுகிறதே என்றால், அதனால் தளத்துக்கு வருகிறவர்கள் குறையலாம் என்பது மெய். ஆனால் அந்தப் பதிலுக்கும் யாரோ ஒருவர் எழுதி வைத்த விவரம் வேண்டும். "சிறந்த, சிறந்த" என்பதிலிருந்து எந்த இயந்திரமும் மல்லி விலையைப் பிழிந்தெடுக்க முடியாது.

ஆக, முதல் பக்கக்காரரை உண்டாக்கியது கூகுள் இல்லை, கடைக்காரரின் ஆசைதான். விவரம் எழுதச் சோம்பல், முதலிடம் மட்டும் வேண்டும்; அந்த இடைவெளியில்தான் அவர் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: "எங்க கடைக்கு வர்றவங்க என்னென்ன கேக்கறாங்கன்னு தெரியுமுங்களா?" அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டே போனில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதை அப்படியே எழுதி வைத்துவிட்டு, கோல்டு பேக்கேஜ் பணத்தில் பாதியை அவருக்குச் சம்பள உயர்வாகக் கொடுக்கலாம். முதல் பக்கம் வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆள் வேறு கடைக்குப் போகமாட்டார் என்பதற்கு உண்டு.