பூவரச இலைப் பீப்பீ

எங்கள் ஊர் நகராட்சிப் பூங்காவில் அந்தக் காலத்தில் ஒரு வானொலி அறை இருந்தது. மாலைச் செய்திக்குக் காவல்காரர் அதைத் திறந்துவிடுவார். பெரியவர்கள் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து நாட்டு நடப்பைக் கேட்டுக்கொண்டிருக்க, பின்பக்கம் முழுக்க எங்கள் ராஜ்ஜியம். கொடுக்காப்புளியைக் கல்லால் அடிப்பதும், நாவல் பழத்தைப் பொறுக்கி மண்ணை ஊதித் தின்பதும், யார் நாக்கு அதிக ஊதா என்று நீட்டிப் பார்ப்பதும், பூவரச இலையை இறுகச் சுருட்டி ஒரு முனையை நசுக்கி, செய்தி வாசிப்பவரின் குரலையே அமுக்கும்படி பீப்பீ ஊதுவதுமாகப் பொழுது சாயும். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு மூலை இருந்திருக்கும்.

இப்போது பேத்தியோடு சென்னையில், தன்னார்வலர்கள் கூட்டிப்போய் மரங்களைக் காட்டி விளக்கும் மர நடைக்குப் போகிறேன். முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். தொப்பி, தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம் என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிடுகிறது. அப்படி நாங்கள் போகும் கோட்டூர்புரத்து அடையாற்றங்கரை மரப்பூங்கா ஒரு காலத்தில் குப்பை கொட்டிய இடம். ‘நிழல்’ அமைப்பும் அதன் தன்னார்வலர்களும் மண்ணிலிருந்து பிளாஸ்டிக்கைத் தோண்டி எடுத்து, நம் மண்ணின் மரங்களை வைத்து அதை மீட்டார்கள். மண்வெட்டி பிடித்துப் பழகாத கைகள் விடுமுறை நாளில் வந்து களை எடுத்த இடம் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஊர்ப் பூங்காவில் நாங்கள் பறித்தோம், தின்றோம்; ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதாக நினைவில்லை. அதையெல்லாம் காவல்காரர் பார்த்துக்கொண்டார்.

எங்கள் தெருவுக்கே சொந்தம் என்று நான் நம்பியிருந்த தூங்குமூஞ்சி மரமும் கொடுக்காப்புளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்பதை இப்படி ஒரு நடையில்தான் தெரிந்துகொண்டேன். இன்னொரு நாள், வழிகாட்டிய பெண் கறிவேப்பிலைச் செடியில் காக்கை எச்சம் போல ஒட்டியிருந்த ஒன்றைக் காட்டினாள். எச்சமில்லை, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. பக்கத்து இலையில் அதன் அண்ணன், வளர்ந்து பச்சையாகிவிட்டவன். மெல்லத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கொம்பு இரண்டாகப் பிரிந்து நீண்டது. கூடவே ஒரு நெடி. குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னும் கிட்டே வந்தார்கள். ரசத்துக்குக் கறிவேப்பிலை பறிக்கும்போதெல்லாம் என் அப்பத்தா இந்தப் புழுவைத்தான் சுண்டி எறிந்துகொண்டிருந்தாள்.

சென்னையில் இப்படிக் கூடி நடந்து இயற்கையைப் பார்ப்பது நேற்று முளைத்த பழக்கமில்லை. 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையில் இரவெல்லாம் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காத்துவருகிறார்கள். பொதுமக்களும் குடும்பத்தோடு கூட நடக்கலாம். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. பூங்காவிலோ மொட்டை மாடியிலோ கால் மணி நேரம் நின்று, கண்ணில் பட்டதை எழுதினால் போதும். அதில்தான் பாட்டிமார்களின் கை ஓங்குகிறது. புத்தகமும் தொலைநோக்கியுமாக நிற்கும் இளைஞர்களுக்கு முன்னால், கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “செம்போத்துடா அது, எழுதிக்கோ” என்கிறார்கள்.

எங்கள் அப்பாக்கள் யாரும் எங்களோடு ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்ததில்லை. இங்கே அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஒரே கிளையைத் தேடுகிறார்கள். இதற்காகவே இந்தத் தன்னார்வலர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்பேன். போன ஆடியில், காலடியில் கிடந்த நாவல் பழத்தை எடுத்து, “அக்கா, தின்னலாமா?” என்று பேத்தி வழிகாட்டியிடம் கேட்க, வேண்டாம், பறவைகளுக்கு விட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். பறவைகளுக்குப் போக மீதி நிறையவே மண்ணில் நசுங்கிக் கிடந்தது. குழந்தைக்கு ஒன்று கழுவிக் கொடுங்கள் அம்மா. சட்டையில் கறை பட்டால் வீட்டில் திட்டுவார்கள்தான், எங்களையும் திட்டினார்கள்.