சிக்கன நெய்தல்: மாஃபுஷித் தீவை முன்வைத்து ஒரு திணை ஆராய்ச்சி

தொல்காப்பியர் நிலத்தை நான்காகப் பகுத்து, கடலோரத்தை வருணன் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். அறை வாடகை பற்றி ஒரு நூற்பாவும் செய்யவில்லை. பின்னால் வந்த இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் எதையெதையோ விரித்துரைத்தவர்கள்தாம். காலைச் சாப்பாடு வாடகையில் அடக்கமா, தனியா என்ற அடிப்படை வினாவை அவர்களும் தொடவில்லை. இதனால் நெய்தல் திணை இத்தனை நூற்றாண்டாக அரைகுறையாகக் கிடக்கிறது. அதன் உட்பிரிவாகிய சிக்கன நெய்தலை முதல், கரு, உரி என்னும் முறைப்படி நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் மாலத்தீவின் மாஃபுஷி.

கோவா இல்லையா, பட்டாயா இல்லையா எனின், உண்டு. ஆனால் அங்கெல்லாம் காசுள்ளவரும் இல்லாதவரும் ஒரே மணலில் கலந்து கிடப்பதால் ஆய்வுக்கு வேண்டிய தூய்மை இல்லை. மாலத்தீவில் இரு சாராரையும் தனித்தனித் தீவுகளில் வைத்து, நடுவில் கடலையும் ஊற்றி வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1,190 தீவுகள். மக்கள் குடியிருப்பவை இருநூறுக்குள் அடங்கும். 1972இல் குரும்பா என்ற முதல் சொகுசு விடுதி திறக்கப்பட்டது. பிறகு ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே வழக்கமாகிவிட, நம்மவர்கள் மாலத்தீவை நடிகைகளின் தேனிலவுப் படங்களில் மட்டும் பார்த்து வந்தார்கள். 2009-10 வாக்கில் சட்டம் தளர்ந்து, ஊர் மக்கள் வாழும் தீவிலும் வெளிநாட்டாரைத் தங்க வைக்கலாம் என்றானது. மாஃபுஷி முந்திக்கொண்டது. நீளம் ஒன்றேகால் கிலோமீட்டர், அகலம் கால் கிலோமீட்டர். அதுவரை அத்தீவுக்குப் பேர் வாங்கித் தந்தது அங்குள்ள சிறைச்சாலை. சிறை இன்றும் கடலை ஒட்டியே இருக்கிறது. விடுதிகளில் பலவற்றுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

இனி முதற்பொருள். அது நிலமும் பொழுதும் ஆகும்.

நிலம் மணல். இந்த மணலின் பிறப்பை விளம்பரப் படங்கள் சொல்வதில்லை. பவளப்பாறைகளில் மேயும் மீன் ஒன்று உண்டு. பச்சையும் நீலமுமாக, கிளியின் அலகு போன்ற வாயோடு இருக்கும். பாறையைக் கடித்து அரைத்து, அதிலுள்ள பாசியை வயிற்றில் நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை வெண்மணலாகப் பின்புறம் விட்டுவிட்டுப் போகும். மாலத்தீவின் வக்காரு தீவைப் பற்றி 2015இல் வெளியான ஆய்வு, அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் இம்மீனின் கொடை என்று கணக்கிட்டது. சமூகவியலாருக்கு இது முக்கியமான தரவு. எதிர்த்தீவில் ஓர் இரவுக்கு ஆயிரம் டாலர் கொடுத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு மெய்மறந்து மிதிப்பதும், இங்கே ஐம்பது டாலர் கொடுத்தவர் மிதிப்பதும் ஒரே மீனின் கழிவு. பந்தியில் முகம் பார்த்துப் பரிமாறும் வழக்கம் அந்த மீனுக்கு இல்லை.

சுவர் வேறு கதை. பவள மணலை அள்ளிக் கட்டடம் எழுப்ப முடியாது. ஆகவே மணலும் ஜல்லியும் இந்தியாவிலிருந்து கப்பலேறுகின்றன. 2024-25ஆம் ஆண்டுக்கு ஆற்று மணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன் வரை மாலத்தீவுக்கு ஏற்றுமதி செய்ய இந்திய அரசு இசைவு தந்தது. மணல் தீவைப் பார்க்க விமானம் ஏறிய நம்மவர் இரவில் படுத்திருப்பது இந்திய ஆற்று மணலுக்கு நடுவில் என்பதற்கும் இடமுண்டு.

இந்நிலத்தில் கடற்காட்சி மூவகைப்படும்: நேர்காட்சி, சாய்காட்சி, நம்பிக்கைக்காட்சி. நேர்காட்சி சிக்கன நெய்தலுக்கு உரித்தன்று. சாய்காட்சியாவது, பால்கனிக் கம்பியை இறுகப் பிடித்து இடப்பக்கமாகச் சாய்ந்தால், எதிர்க்கட்டடத்து ஏசிப் பெட்டிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில் நீலமாகத் தெரிகிற கோடு. புகைப்படம் எடுக்க இதுவே போதும். எடுப்பவரின் இடுப்பை மற்றொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நம்பிக்கைக்காட்சியில் கடல் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். அது ஜெனரேட்டராகவும் இருக்கலாம்.

பொழுதுக்கு வருவோம். நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உரியன என்பது பிற்கால இலக்கணம். சிக்கன நெய்தலுக்கு ஒன்றே உரியது; அது மே தொடங்கி அக்டோபர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். வானம் தெளிந்து கடல் கண்ணாடியாகக் கிடப்பது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. அப்போது வாடகையும் தெளிவாக உயர்ந்திருக்கும். பள்ளிக்கூட விடுமுறையும் மழையும் தள்ளுபடியும் மே மாதத்தில் ஒன்றுகூடுவதை விதி என்பதா, விடுதிக்காரரின் திட்டம் என்பதா என்று அறிஞர்கள் முடிவு செய்யட்டும். சிறுபொழுதாகிய எற்பாடு, அதாவது சூரியன் மறையும் வேளை, இத்திணையிலும் மாறாமல் போற்றப்படுகிறது. அதற்குக் கட்டணம் இல்லை.

கருப்பொருளில் தெய்வத்தை விட்டுவிடுகிறேன். சிக்கனப் பயணி முன்பதிவு ரத்தானால் பணம் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் வேண்டுவதில்லை. பறவை, கடற்காக்கை என்பர். மாஃபுஷியில் காண்பது நம் வீட்டுக் கூரைக் காகம்தான், காலைச் சாப்பாட்டு மேசையருகே பொறுமையாகக் காத்திருக்கும். யாழ் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த அறைக்காரர் புளூடூத் ஸ்பீக்கர் கொண்டு வந்திருப்பார்.

உணவுதான் இத்திணையின் உயிர்நிலை. மீனும் உப்பும் விற்றுப் பெற்றது நெய்தல் நிலத்தார் உணவு என்று உரைகாரர்கள் எழுதினார்கள். சிக்கன நெய்தலார் உணவு, பெட்டியில் வைத்துக் கொண்டுபோனது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ரவை உப்புமாப் பொட்டலம், எண்ணெய் கசியாமல் மூன்று உறை போட்ட ஆவக்காய். மாலே விமான நிலையச் சுங்கத்தில் மதுவையும் பன்றி இறைச்சியையும் விடமாட்டார்கள். மது பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, ஊர் திரும்பும்போது கொடுப்பார்கள். புளிக்காய்ச்சலுக்குத் தடை இல்லை. அறையில் டீ போட வைத்திருக்கும் மின்கெட்டிலில் நூடுல்ஸ் வேகும், முட்டை அவியும், கொஞ்சம் தைரியம் இருந்தால் உப்புமாவும் கிளறலாம். அந்தக் கெட்டிலில் நமக்கு முன் தங்கியவர் என்ன வேகவைத்தார் என்ற வரலாற்று ஆராய்ச்சியில் இறங்காதிருப்பது நலம்.

காலைச் சாப்பாட்டில் மாஸ் ஹுனி கிடைக்கும். சூரை மீன், துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் கையால் பிசைந்தது; தொட்டுக்கொள்ள அல்ல, அள்ளிச் சாப்பிட, ரோஷி என்ற மெல்லிய ரொட்டியோடு. இதே சூரையை அவித்துப் புகையிட்டுக் காயவைத்து அனுப்புவதுதான் இலங்கைச் சமையலறைகளில் சம்பலுக்கு இடிக்கிற மாசி. தேங்காய் போட்ட எதையும் அந்நியமாக நினைக்கத் தெரியாத நமக்கு இது அருமையான உணவு. ஆனால் அதைத் தேடிப் போகிறவர் குறைவு. ஊர் மீனை விட்டுவிட்டு ரொட்டித்துண்டுக்கு ஜாம் தடவுவதை ஆய்வாளன் என்ற முறையில் நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

இவ்விடத்தில்தான் காசெடுப்புக் கோட்பாடு வெளிப்படுகிறது. போட்ட காசை எடுக்க வேண்டும் என்பது அதன் ஒரே நூற்பா. வாடகையில் அடங்கிய காலைச் சாப்பாடு, வாடகையில் அடங்காத மத்தியானச் சாப்பாட்டையும் உள்ளடக்க வேண்டும் என்பது உரை. களத்தில் இவ்வகைப் பேச்சு காதில் விழும்:

“இன்னொரு முட்டை வாங்கிக்கோங்க.”

“வயிறு இடம் குடுக்கணுமேம்மா.”

“மெதுவா சாப்பிடுங்க, பத்து மணி வரைக்கும் இருக்கு. மத்தியானம் யாரு ஆளுக்குப் பத்து டாலர் குடுக்கறது? டேய், ஜூஸ்ல வயித்த ரொப்பாதடா!”

கடைசி வாக்கியம் தமிழ்க் கல்யாணப் பந்திகளிலும் பதிவாகியிருப்பதால், இக்கோட்பாடு கடலில் தோன்றியதன்று, கடலுக்கு ஏற்றுமதியானது என்பது பெறப்படும். அது முட்டையோடு நிற்பதும் இல்லை. அறையில் ஏசியை நிறுத்த மாட்டார்கள். குளிர் தாங்காமல் போர்வைக்குள் சுருண்டு படுத்தாலும் பதினெட்டில்தான் ஓடும். கொடுத்த துண்டுகள் அத்தனையும் நனைந்தாக வேண்டும். சிறு சோப்பு அன்றாடம் மறையும். சீப்பும் பல் துலக்கும் பசையும் ஊருக்கு வந்து குளியலறை அலமாரியில் ஆண்டுக்கணக்காக உறை பிரிக்கப்படாமல் இருக்கும். பயன்படுத்துவது இக்கோட்பாட்டுக்குத் தேவையில்லை, எடுப்பதே தேவை.

உடை பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு. 1343 வாக்கில் மாலத்தீவுக்கு வந்து அங்கே காஜியாகப் பதவி வகித்த இப்னு பதூதா, அத்தீவுப் பெண்கள் மேலாடை இன்றி நடமாடுவதைக் கண்டு திகைத்து, உடலை மூடச் சொல்லி ஆணையிட்டார். தம் வழக்கு மன்றத்துக்குள் நுழைகிறவர்களிடம் மட்டுமே அவரால் அதைச் சாதிக்க முடிந்தது. இன்று நிலைமை தலைகீழ். ஊர் மக்கள் முழுக்கப் போர்த்தியிருக்கிறார்கள். வெளிநாட்டார்தாம் தெருவில் தோளும் தொடையும் மூடி நடக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அவர்களுக்கென்று ‘பிகினி பீச்’ என்று பலகை வைத்து ஒரு துண்டுக் கரை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒதுக்கீட்டுக் கரைக்குள்ளும் நம் குடும்பங்கள் மெரினா மரபு வழுவாமல் சுடிதாரும் நைட்டியும் நைட்டி மேல் துப்பட்டாவுமாக இறங்குகின்றன. ஆண்கள் பனியனோடு இறங்குகிறார்கள். இப்னு பதூதாவின் ஆணை ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்குப் பின், அதுவும் எதிர்பாராத கரையில், தமிழரால் நிறைவேற்றப்பட்டுவிட்டது.

மதுவைப் பொறுத்தவரை, மக்கள் வாழும் தீவில் அனுமதி இல்லை. ஆகவே கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு படகு நங்கூரமிட்டிருக்கும், மதுக்கூடம் அதில். போய்வரச் சிறு படகு பெரும்பாலும் இலவசம். இலவசம் என்ற ஒரே காரணத்தால் குடிக்காதவரும் அதில் ஏறிப் போய், தண்ணீர் பாட்டில் விலையைக் கேட்டுவிட்டு அடுத்த நடையில் திரும்புவதுண்டு. மாலேயிலிருந்து தீவுக்கு வருவதிலும் இதே மனநிலைதான். ஸ்பீடு போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அரசுப் படகில் ஒன்றரை மணி நேரம். கட்டணம் அதில் சிறு பங்கு. வெள்ளிக்கிழமை அரசுப் படகு ஓடாது என்பதை விமான டிக்கெட் எடுத்த பிறகு அறிந்துகொள்வது மரபு.

உரிப்பொருள் இரங்கல். இதில் சிக்கன நெய்தல் தொல்காப்பியத்திலிருந்து அணுவளவும் பிறழவில்லை. அன்று தலைவி கடலைப் பார்த்து இரங்கினாள், போனவன் வரவில்லை என்று. இன்று தலைவன் வரவேற்பறையில் நின்று பில்லைப் பார்த்து இரங்குகிறான். முன்பதிவின்போது கண்ட எண்ணுக்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 2025 ஜூலையிலிருந்து 17 விழுக்காடாகிவிட்ட சுற்றுலா வரி, தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று பசுமை வரி. முட்டைகளால் மீட்டது அத்தனையும் இங்கே ஒரே வரியில் போய்விடும்.

இரங்கலுக்கு நிமித்தமும் உண்டு. மாஃபுஷிக் கரையில் இருட்டியதும் எதிரே சொகுசுத் தீவுகளின் விளக்குகள் தெரியும். இவ்வளவு தூரம் வந்து அதைப் பார்க்காமல் போவதா என்று அடுத்த நாளுக்கு ‘டே விசிட்’ எடுப்பார்கள். ஆளுக்கு நூறு டாலரை ஒட்டி வரும். பகல் பொழுது, பஃபே சாப்பாடு, குடிக்கக் கேட்டதெல்லாம் அடக்கம். இங்கேதான் காசெடுப்புக் கோட்பாட்டின் உச்சம். அங்கு போய் நீந்துவது நஷ்டம், நிழலில் படுத்துத் தூங்குவது அதைவிட நஷ்டம். தட்டு தட்டாக இறாலும், பெயர் தெரியாத இனிப்பும், இடையிடையே ஒரு துடுப்புப் படகுச் சவாரியும், மறுபடி இறாலும். மாலையில் படகேறும்போது அந்தக் குடும்பத்தில் ஒருவரும் பேசும் நிலையில் இருக்கமாட்டார்கள்.

அதே சொகுசுத் தீவில் ஒரு வாரமாக இருப்பவருக்கு நான்காம் நாள் அலுப்புத் தட்டிவிடும். கண்ணாடித் தரைக்குக் கீழே மீன், காலையிலும் அதே மீன். அவருக்காக அந்த விடுதி ‘லோக்கல் ஐலண்ட் விசிட்’ என்று ஒரு பயணம் வைத்திருக்கிறது. எளிய மக்கள் வாழும் தீவு, தெருவில் சைக்கிள், பெட்டிக்கடை, கொடியில் காயும் துணி. இதைப் பார்க்க அவர் தனியாகப் பணம் கட்டி மாஃபுஷி போன்ற தீவுக்குப் படகேறுகிறார். கொடியில் காய்வதில் பாதி நம்மவர் துண்டுகள் என்பதை வழிகாட்டி சொல்வதில்லை.

இரண்டு படகுகளும் நடுக்கடலில் ஒன்றையொன்று கடக்கும். அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கம் பார்த்துக் கையசைத்துப் படம் எடுப்பார்கள். இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம். ரசீது இரு படகிலும் டாலரில்தான்.