மதிலே வளைஞ்சுச்சு, நீ வளைய மாட்டியா?

வா தம்பி, உக்காரு. கையில என்னா சுருட்டு? தோட்டத்துக்குப் பிளானா? விரி, பாப்போம். அடேங்கப்பா! கம்ப்யூட்டருக்குள்ள புல்லு முளைச்சிருக்கு, மரம் நிக்குது, நிழல்கூட விழுது. எரு வாங்காம இம்புட்டு விளைச்சலா? நாங்கதான் ஏமாந்துட்டோம்.

தோட்டம் போடுறதுக்கு அஞ்சாறு விதி இருக்காமே? எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போவணும், ரெண்டு பக்கமும் எடை சமமா இருக்கணும், அளவு அறிஞ்சு வைக்கணும், கண்ணு போய் நிக்க ஒரு இடம் வேணும், ஆளை மெல்ல உள்ள நடத்திக் கூட்டிட்டுப் போவணும். நல்ல விதிதான். நான் குத்தம் சொல்லலை. ஆனா இதைச் சொல்லிக் கொடுக்க பெங்களூர்லேர்ந்து ஒருத்தர் பீஸ் வாங்கிட்டு வரணுமா? அதுவும் ஸ்ரீரங்கத்துக்கா? கொல்லத் தெருவுல ஊசி விக்க வந்த ஆளு கெட்டிக்காரன்தான், போ.

தெக்கு வாசல்ல ராஜகோபுரத்தைப் பாத்திருக்கியா? செல்பி எடுத்திருப்ப. பாத்திருக்க மாட்டே. எங்க சின்ன வயசுல அது மொட்டைக் கோபுரம். 1987-லதான் 13 நிலையும் ஏறி 236 அடிக்கு நிமிந்துச்சு. ஊருக்குள்ள எங்கேர்ந்து வந்தாலும் கண்ணு அங்கதான் போய் நிக்கும். அப்புறம் உள்ள நட. ரங்கா ரங்கா கோபுரம் வரும், அதுக்கப்புறம் கார்த்திகை கோபுரம். உள்ள போகப் போக உசரம் குறையும், வெளிச்சம் குறையும். அண்ணாந்து வந்த தலை தானாத் தாழும். ஏழு மதிலைத் தாண்டித்தான் பெருமாள். வாசல்லயே எல்லாத்தையும் காட்டிட்டா உள்ள எவன் வருவான்? உன் பிளானைப் பாரு. கேட்டைத் திறந்தா கொல்லைக் கக்கூசு வரைக்கும் தெரியுது.

அப்புறம் இதென்னா? இந்த மூலையில புத்தர் தலை. அந்த மூலையில தண்ணி பீச்சுற பொம்மை. நடுவுல மாட்டு வண்டிச் சக்கரம். சுவத்தோரம் ஊறுகாய் ஜாடி. ஒரு தோட்டத்துக்குள்ள இம்புட்டு சாமானா? மணவறையில நாலு மாப்ளை உக்காந்திருந்தா யாருக்கு அட்சதை போடுறது? ஒண்ணை வை. மத்ததைக் குடுத்தவன்கிட்டயே திருப்பிக் குடு. அந்தச் சக்கரத்தைப் பாத்தாத்தான் எனக்கு வயித்தெரிச்சலே. ஓடுன வண்டியை உடைச்சுச் சுவத்துல சாத்திட்டு, கிராமத்து அழகுன்னு பேரு வேற!

சரி, பிளான் வரைஞ்ச புண்ணியவான் மனைக்கு வந்தாரா? வந்து எம்புட்டு நேரம் நின்னாரு? காலையில வந்தாரா, சாயங்காலமா? வெயில் எந்தப் பக்கம் விழுதுன்னு பாத்தாரா? திருச்சியில சித்திரை பொறந்து ஆடி முடியிற வரைக்கும் உச்சி வெயில் வடக்கால சாயும். மார்கழியில தெக்க இறங்கிடும். இது தெரியாம படத்துல நிழலை ஒரே பக்கமா பூசி வச்சிருக்காரு. மேக்குச் சுவரு சாயங்காலம் சுட்டு, ராத்திரி முழுக்க வீட்டுக்குள்ள அனலை ஊதும். அந்தப் பக்கம்தான் வேம்போ புங்கனோ நிக்கணும். உன் பிளான்ல அங்க கூழாங்கல்லு கொட்டியிருக்கு. வெள்ளைக் கூழாங்கல்லு! வத்தல் காயப் போடவா?

புல்தரை வேணுமாம். கொரியன் புல்லாம். வருஷம் பூரா தூறிக்கிட்டே இருக்கிற இங்கிலாந்துல புல்தரை போட்டான், அவன் போட்டது சரி. இங்க சித்திரை வெயில்ல புல்லு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணி குடிக்கும்னு வை. 1,000 சதுர அடிக்கு 460 லிட்டருக்கு மேல ஆச்சு. முப்பது குடம். தினம் முப்பது குடத்தை எடுத்து மாடு திங்காத புல்லுக்கு ஊத்துவியா? அப்ப பிளாஸ்டிக் புல்லு போட்டுக்கறேங்கிறியா? போடு, போடு. மே மாசம் மத்தியானம் செருப்பைக் கழட்டிட்டு அதுல ஒரு நடை நடந்து காட்டு. தீமிதிக்குத் தனியாக் காப்பு கட்ட வேண்டியதில்லை.

மண்ணுன்னு ஒண்ணு இருக்கு, அதாவது தெரியுமா? ஸ்ரீரங்கம் காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல கிடக்குற வண்டல். குச்சியை ஊணுனாக்கூட துளுக்கும். வாழை இங்க ஏன் இந்தப் போடு போடுதுன்னு நினைச்சே? வாழைக்குன்னே 1993-ல மத்திய சர்க்காரு ஒரு ஆராய்ச்சி நிலையத்தைத் திருச்சியில கொண்டாந்து வச்சுது, சும்மாவா வச்சுது? ஆனா அதே வாழையை ஏர்போர்ட் பக்கத்துச் சரளையில வச்சுட்டு, நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்னு புலம்புறவனும் இருக்கான். மண்ணு மாறுனா மரமும் மாறணும்ல?

கோனோகார்பஸ் மரத்துக் கதை ஞாபகம் இருக்கா? சீக்கிரம் வளரும், எப்பவும் பச்சையா இருக்கும்னு எங்க பாத்தாலும் வச்சான். வேரு குழாயை நோண்டுது, மகரந்தம் மூச்சைப் பிடிக்குதுன்னு புகார் கிளம்புச்சு. குஜராத்துல 2023-ல தடுத்தாங்க. 2025-ல நம்ம தமிழ்நாட்டு அரசும் வைக்காதேன்னு உத்தரவு போட்டுச்சு. புங்கன் என்னா பாவம் செஞ்சுச்சு? அதுக்கு ஸ்டைலா ஒரு பேரு இல்லை, அவ்ளோதான்.

அளவுக்கு வருவோம். இன்னிக்கு இடுப்பளவு கன்னு. அழகா இருக்கு. பதினஞ்சு வருஷம் கழிச்சு? தென்னைக்கும் தென்னைக்கும் 25 அடி விடுன்னு எங்க தாத்தன் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. ஓலைக்கு ஓலை உரசக் கூடாது. நீ எட்டடிக்கு ஒண்ணு வச்சிருக்க. மரம் வளரும் தம்பி. உன் மனைக்கட்டு வளராது.

வண்ணத்துப்பூச்சி வரணும்னு வேற எழுதியிருக்கு. ஆசை நல்ல ஆசை. ஸ்ரீரங்கத்துப் பக்கம் மேலூர்ல 2015-ல வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறந்தாங்கள்ல, போய்ப் பாரு. வெறும் பூவை வச்சா பூச்சி தேன் குடிச்சுட்டுப் போயிடும். குடும்பம் நடத்த இலை வேணும். வெந்தய வரியன்ங்கிற பூச்சி எருக்கலையில முட்டை போடும். எலுமிச்சையிலயும் கறிவேப்பிலையிலயும் போடுற சாதி வேற. அதுல புழு வரும், இலையைத் திங்கும். நீ என்னா செய்வே? மருந்தடிப்பே. பிள்ளையைக் கொன்னுட்டு மருமக வரலையேன்னு வாசல்ல நின்னா எப்படி?

இப்ப ஒரு கதை சொல்றேன், கேளு. குருபரம்பரையில சொல்லுவாங்க. தொண்டரடிப்பொடியாழ்வாரு நம்ம ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்கு நந்தவனம் போட்டு, துளசியும் பூவுமா மாலை கட்டிக்கிட்டிருந்தாரு. திருமங்கையாழ்வாரு மதில் கட்டிக்கிட்டே வர்றாரு. நேரா கட்டுனா நந்தவனம் போச்சு. மனுஷன் என்னா செஞ்சாரு? செடியைப் பிடுங்கலை. மதிலை ஒதுக்கி வளைச்சுக் கட்டுனாரு. அந்தச் சந்தோஷத்துல தொண்டரடிப்பொடியாரு தன் தோட்டத்துக் கைக்கருவிக்கு அருள்மாரின்னு பேரு வச்சாராம். திருமங்கையாரோட பேருதான் அது. எம்மாம் பெரிய மதிலு! அதுவே நாலு துளசிக்காக வளைஞ்சுச்சு. நீ காரு திருப்பணும்னு ரெண்டு தலைமுறை வேம்பை வெட்டச் சொல்றே. திருவானைக்காவுல கருவறைப் பக்கமே வெண்ணாவல் நிக்குது. யாராவது அரிவாளைத் தூக்குனானா?

காசு செலவில்லாத ஒண்ணு சொல்லவா? உன் மாடியிலேர்ந்து மலைக்கோட்டை தெரியுதுல்ல? அந்தப் பக்கம் உசர மரம் வைக்காதே. கியோத்தோவுல எண்ட்சூஜின்னு ஒரு கோயில் தோட்டம். தூரத்து ஹியேய் மலையையும் தன் தோட்டத்துக் கணக்குல சேத்துக்கிட்டான் ஜப்பான்காரன். பட்டா இல்லாம மலை வாங்குன கெட்டிக்காரன்! உனக்கு உச்சிப்பிள்ளையாரே இருக்காரு, அவரை மறைச்சு பாம் மரம் வைக்கிறியே?

மத்ததெல்லாம் சின்னச் சின்ன சூட்சுமம். பவழமல்லி ராத்திரி பூத்து விடியல்ல உதிரும். காலையில கதவைத் திறந்தா தெரியிற இடத்துல வை. முருங்கைக்குக் கிளை உறுதி கிடையாது, கம்பளிப்பூச்சி வரும். அது கொல்லைக்குப் போகட்டும். அரளியை வீட்டுல குழந்தை இருந்தா வைக்காதே, விஷம். துவைக்கிற கல்லுத் தண்ணி ஓடுற வழியில வாழை. நந்தியாவட்டையை நாலு இடத்துல திரும்பத் திரும்ப வை, தோட்டம் தன்னால ஒண்ணாச் சேந்துக்கும். நாப்பது சாதிச் செடியை ஒவ்வொண்ணா வச்சா அது தோட்டம் இல்லை, நர்சரி.

ஐப்பசி மழையில குடையைப் பிடிச்சுக்கிட்டு மனைக்குள்ள ஒரு தடவை நில்லு. தண்ணி எங்க ஓடுது, எங்க தேங்குதுன்னு பாரு. உன் பொண்டாட்டி கொடிக்கயித்துக்கு எந்த வழியா நடக்குறான்னு பாரு. அந்த வழிதான் பாதை. படத்துல வளைச்சு வளைச்சுப் போட்டா அவ நடக்க மாட்டா, புல்லு மேல குறுக்கத்தான் போவா.

கடைசியா ஒரு கேள்வி. இது எந்த விதியிலயும் வராது. நீயும் அவளும் வேலைக்குப் போயிட்டா தண்ணி ஊத்துறது யாரு, சருகு கூட்டுறது யாரு? பதில் இருந்தா பத்துச் செடி வை. இல்லையா, ஒரு வேம்பு, ஒரு கயித்துக் கட்டிலு. அதுக்கு நானே பிளான் போட்டுத் தர்றேன். பீஸ் ஒரு காப்பி, டிக்காசன் கொஞ்சம் தூக்கலா.