பரிகார வாசகி

நாவல் படிப்பவர்களில் பல ரகம் உண்டு. கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு நிம்மதியாக ஆரம்பிப்பவர்கள், வர்ணனை வந்தால் பத்தி பத்தியாகத் தாண்டுபவர்கள், அட்டையைப் பார்த்தே அபிப்பிராயம் சொல்லிவிடுபவர்கள். சமீப காலமாக இன்னொரு ரகம் தலையெடுத்திருக்கிறது. வயது பத்தொன்பது, இருபது இருக்கும். காதில் இயர்போன், மடியில் தலையணை கனத்துக்கு ஒரு நாவல், பக்கத்தில் நாலு கலர் ஸ்டிக்கி நோட். கதை எப்படி என்று கேட்டுப் பாருங்கள். நன்றாயிருக்கிறது, இல்லை என்ற இரண்டு பதிலும் வராது. “இந்த கேரக்டருக்கு என்ன தேவைன்னா...” என்று ஆரம்பிக்கும்.

ஜோசியர் ஜாதகக் கட்டத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, திருநள்ளாறு போய் எள் தீபம் போடச் சொல்வார் அல்லவா, அந்தத் தோரணைதான். அதனால் பரிகார வாசகி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுப் பரிகார வாசகி என் அக்கா மகள். படிப்பது பி.காம். கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் ஒத்துப்போகாவிட்டால் கவலைப்பட மாட்டாள். நாவலில் ஒருத்திக்கு வேண்டியது கிடைக்காவிட்டால் இரவு சாப்பாடு இறங்காது. நந்தனம் புத்தகக் காட்சியில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் மலிவுப் பதிப்பில் வாங்கி வந்தாள். படித்து முடித்த பிறகு அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் ஸ்டிக்கி நோட்டுகள் கலர் கலராக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. பச்சை என்றால் சாப்பாடு தேவை. மஞ்சள், தூக்கம். பிங்க், கவுன்சலிங். ஆரஞ்சு, ‘முதலில் அந்த வீட்டை விட்டு வெளியே வா.’ வந்தியத்தேவன் வரும் இடமெல்லாம் மஞ்சள். ஆடிப் பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் குதிரை ஏறியவன் எப்போது கண்ணை மூடினான் என்று அவளுக்கு ஒரே கவலை. தஞ்சையில் சேந்தன் அமுதன் வீட்டில் அவன் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் ஒரு பிடி பிடிக்கிற பக்கத்தில், மார்ஜினில் பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘அப்பாடா.’ நந்தினி வரும் பக்கங்களில் காகிதமே தெரியவில்லை, எல்லாம் பிங்க்.

“சரி, மொத்தத்தில் சோழ சாம்ராஜ்யத்துக்கு என்னம்மா தேவை?” என்றேன்.

“சுவர் மாமா. நல்ல கனமான சுவர். கடம்பூர் மாளிகையில அவ்வளவு பெரிய சதி பேசுறாங்க, ஒருத்தன் மேல இருந்து நிதானமாக் கேட்டுட்டுப் போறான். அந்த நாட்டுல யார் ரகசியம் பேசினாலும் பக்கத்துல தூணோ, புதரோ, ஆழ்வார்க்கடியானோ இருக்கு.”

இதைக் கேட்டதும் எனக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் கல்கி பத்திரிகையில் தொடராக வந்த காலத்தில், வீட்டுப் பெரியவர்கள் வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஓவியர் மணியத்தின் படம் கசங்காமல், தெருமுனை பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு...

“மாமா, பாயின்ட்டுக்கு வாங்க.”

வந்துவிட்டேன். பாயின்ட் என்னவென்றால், இந்த ரகத்துக்குக் காவியச் சோகம் என்று எதுவுமே கிடையாது. எல்லாம் ஏற்பாட்டுக் கோளாறு. சிவகாமியின் சபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாதாபி எரிந்து சாம்பலாகிற வரைக்கும் இந்த ஊரை விட்டு வர மாட்டேன் என்று அவள் சொன்ன இடத்தில் ஒரு தலைமுறையே உடம்பு சிலிர்த்துப்போயிருக்கிறது. எங்கள் வாசகி அங்கே ஒட்டியிருப்பது மஞ்சள். “கோபத்துல இருக்கும்போது சபதம் போடக் கூடாது மாமா. ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, காபி குடிச்சிட்டுப் போடணும். அப்பவும் போடணும்னு தோணிச்சுன்னா போட்டுக்கட்டும். பாவம், வாதாபியில வாடகைக்கு இருந்தவங்க என்ன பண்ணுவாங்க?”

சாண்டில்யனும் தப்பவில்லை. இளவரசி நிலவொளியில் நிற்கிறாள். வர்ணனை பக்கம் பக்கமாக நீள்கிறது. அதற்கு இவள் தீர்ப்பு: “இளவரசிக்குத் தேவை ஒரு போர்வை. ஆசிரியருக்குத் தேவை ஒரு எடிட்டர்.”

இவளுக்கு நேர் எதிர்க்கட்சி அக்காவின் மாமனார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாவல் என்றால் அவருக்கு ஆண்டு, பரிசு, உத்தி. மோகமுள் என்று யாராவது வாயெடுத்தால் போதும், தி. ஜானகிராமனின் கும்பகோணம், ரங்கண்ணாவின் சங்கீதம், நாதத்துக்கும் காமத்துக்கும் நடுவே பாபுவின் தத்தளிப்பு என்று ஒரு பீரியட் எடுத்துவிடுவார். பேத்தி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “யமுனாவுக்கு ஆரம்பத்துலயே ஒரு வேலை கிடைச்சிருந்தாப் பாதி புக் குறைஞ்சிருக்கும் தாத்தா.”

“பாதி புஸ்தகம் குறைந்தால் தமிழுக்கல்லவா நஷ்டம்?”

“யமுனாவுக்கு லாபம்.”

தாத்தா விடுவாரா? ஜெயகாந்தனைத் துணைக்கு அழைத்தார். இந்தச் சண்டையில் அவரிடம் இருந்த ஒரே பிரம்மாஸ்திரம் அதுதான். உண்மையிலேயே நல்ல அஸ்திரம். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்னிப் பிரவேசம்’ சிறுகதையில், மழை நாளில் காரில் ஏறிச் சீரழிந்து வந்த மகளைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று உள்ளே அழைத்துக்கொள்கிறாள். அந்தப் பெண்ணுக்கு எது தேவையோ அது அந்த நிமிடமே கிடைத்துவிடுகிறது. கதையும் அங்கேயே முடிந்துவிடுகிறது. அது எப்படி ஒரு தாய் அப்படிச் செய்யலாம் என்று ஊரே சண்டைக்கு வந்தது. சரி, தாய் அப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும், பாருங்கள் என்று ஜெயகாந்தன் எழுதியதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்.’ அதில் அம்மா அலறிவிடுகிறாள், அண்ணன் அடித்து வெளியே துரத்துகிறான், மகள் கங்கா காலம் முழுக்க அதைச் சுமக்கிறாள். அந்த நாவலுக்கு 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு. அதோடு விட்டதா, ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று அடுத்த நாவல் வேறு.

“புரிகிறதா?” என்றார் தாத்தா, கரும்பலகையில் அடிக்கோடு போட்டவர் மாதிரி. “தேவை கிடைத்தால் சிறுகதை. கிடைக்காவிட்டால் நாவல். அவ்வளவுதான் இலக்கியம்.”

நானும் மனதுக்குள் கை தட்டினேன். பேத்தி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“அப்ப, நாவல் வேணுங்கிறதுக்காக ஒரு பொண்ணை வீட்டை விட்டுத் துரத்தலாமா தாத்தா?”

தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்டவர்களைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம், ஊசி குத்துவதுபோல் சில இடங்களில் சரியாகச் சொல்லிவிடுவதுதான். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யைப் பற்றி, ஊர் மாறுகிறது, காலம் மாறுகிறது, வியாபாரமும் அரசியலும் சேர்ந்து மரத்தைக் கொல்கின்றன என்று நாம் கட்டுரை கட்டுரையாக எழுதுகிறோம். இவள் அந்தப் புத்தகத்தில் ஒட்டியிருந்தது ஒரே ஒரு நோட்டுதான். ‘இந்த மரத்துக்குத் தேவை, யாரும் ஒண்ணும் பண்ணாம இருக்கிறது.’

1879-இல் அச்சான முதல் தமிழ் நாவல் பிரதாப முதலியார் சரித்திரத்தையும் தாத்தாவின் அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தாள். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ஞானாம்பாள், ஆண் வேஷம் போட்டு, தொலைந்த புருஷனைத் தேடிப் போன இடத்தில் ராஜாவாகவே ஆகி ஆட்சியும் நடத்துகிறவள். புத்தகம் முழுக்கத் தேடினேன், ஒரு ஸ்டிக்கி நோட்டுகூட இல்லை. ஏன் என்றேன். “இவளுக்கு ஒண்ணும் தேவையில்ல மாமா. எல்லாருக்கும் இவதான் தேவை.”

எங்களுக்கு முந்தைய தலைமுறை மட்டும் என்ன ஒழுங்கு? நா. பார்த்தசாரதியின் குறிஞ்சி மலர் வந்தபோது பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தார்கள். பொன்னியின் செல்வன் முடிந்த பிறகும் விடாமல், அவன் என்ன ஆனான், இவள் என்ன ஆனாள் என்று வாசகர்கள் கேட்டுத் துளைத்ததில், கல்கி ஒரு முடிவுரையே எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பாத்திரங்களை நிஜ மனிதர்களாக நினைப்பதில் இரண்டு தலைமுறையும் ஒரே கட்சிதான். அவர்கள் என்ன ஆயிற்று என்று அழுதார்கள். இவர்கள் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள்.

கேட்பதெல்லாம் அச்சில் உள்ளவர்களிடம்தான் என்பது என் அக்காவின் குறை. நடுராத்திரி இரண்டு மணிக்கு வந்தியத்தேவனின் தூக்கத்துக்காக மஞ்சள் நோட்டு ஒட்டிக்கொண்டிருப்பவளை மறுநாள் காலேஜுக்கு எழுப்ப ஊரையே கூட்ட வேண்டியிருக்கிறது. அலங்காரத்தம்மாளின் மனசுக்கு என்ன தேவை என்று தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தா’ளை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இவள் விளக்கிக்கொண்டிருந்தபோது, அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“உன் பாத்திரத்துக்கெல்லாம் என்ன தேவைன்னு அப்புறம் பார்க்கலாம். சிங்க்ல கிடக்கே, அந்தப் பாத்திரத்துக்கு என்ன தேவைன்னு வந்து பாரு.”

எழுந்து போய்த் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, “அம்மாவுக்குத் தேவை ஒரு வாரம் லீவு” என்றாள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி தோசைக்கு இரண்டு சட்னி.

இதையெல்லாம் எழுதி முடித்து, மரியாதைக்கு அவளிடமே முதலில் காட்டினேன். ஸ்டிக்கி நோட்டுக் கட்டோடு உட்கார்ந்து படித்தாள்.

“இதுல வர்ற பொண்ணு நல்லாத்தான் இருக்கா, ஒண்ணும் வேண்டாம். தாத்தாவுக்குக் கண்ணாடி துடைக்க ஒரு நல்ல துணி. அப்புறம் அந்த மாமா கேரக்டர்...”

“சொல்லு. பேச்சுத் துணையா? கவுன்சலிங்கா?”

“எடிட்டர். அந்த பைண்டிங் கதையை முழுசா எடுத்துடுங்க மாமா.”

எடுக்கவில்லை. ஒரு தேவையாவது பாக்கி நிற்கட்டும், தாத்தாவின் கட்சிக்கும் ஆள் வேண்டும்.