கட்டம் போட்ட நோட்டுக்காரர்

தெருவுக்கு ஒருவராவது இருப்பார். வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவர், அல்லது நாளை எண்ணிக்கொண்டிருப்பவர். புறநகரில் அரை கிரவுண்டு மனை வாங்கி, கல் நட்டு, போர் போட்டுத் தண்ணீரும் பார்த்தாயிற்று. சட்டைப்பையில் இரண்டு பேனா, பேண்ட் பையில் டேப், அக்குளில் பேரனிடமிருந்து பறிமுதல் செய்த கட்டம் போட்ட கணக்கு நோட்டு. ஒரு கட்டம் என்றால் ஓர் அடி. இத்தனையும் கையில் இருக்க, ஆர்க்கிடெக்ட் எதற்கு?

“படம் போடறதுக்கு எவனாவது லட்சக்கணக்குல குடுப்பானா? அந்தக் காசுல தேக்குல நிலைவாசல் வெச்சிடுவேன்” என்பார். மகள் கல்யாணத்தில் ரவிக்கைக்கு ஆரி வேலை, மேடைக்குப் பூ அலங்காரம், மாப்பிள்ளை குதிரையில் வருவதை ட்ரோனில் படம் பிடிக்க ஓர் ஆள் என்று மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தவர் இதே மனிதர்தான். ஒரு நாள் கூத்துக்கு ஆள் வேண்டும். ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் வீட்டுக்கு நோட்டு போதும்.

இவரைக் கிரகப்பிரவேசத்துக்கு அழைக்கப் பயப்படுகிறவர்கள் உண்டு. மொய்க் கவரை நீட்டிய கையோடு டேப்பை உருவுவார். பாயசம் ஆறிக்கொண்டிருக்கும், இவர் அந்த வீட்டுப் பூஜையறைக் கதவில் எத்தனை மணி தொங்குகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார். பால்கனி ஒரு வீட்டில் எடுத்தது, போர்டிகோ வளைவு இன்னொரு வீட்டில். காரைக்குடிக்குப் போய்வந்ததில் முற்றமும் சேர்ந்துகொண்டது. அங்கே ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்ட வீடுகளுக்கு நடுவில் இருந்தது, இவருடைய 1,200 சதுர அடி மனையில் நாலுக்கு நாலாக வந்து உட்கார்ந்தது. மழை வரும் என்று மேலே ஃபைபர் ஷீட் போட்டார். கொசு வரும் என்று வலை அடித்தார். இப்போது அதில் வாஷிங் மெஷின் நிற்கிறது. பெயர் மட்டும் முற்றம்.

திருவனந்தபுரம் பேருந்து நிலையத்தருகே ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸுக்கும் போயிருக்கிறார். சுருளாக ஏறும் சரிவுத் தளம், ஓரமாக மேசைகள், பூசாத சிவப்புச் செங்கல். உலகம் வந்து பார்த்து வியக்கும் கட்டடம். இவர் கட்லெட்டைத் தின்றுவிட்டுச் சொன்னது: “மேஸ்திரி லெவல் பாக்கல. பூசவும் மறந்துட்டான்.”

2024 ஜூலையில் தமிழக அரசு, 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அந்தச் செய்தியை வெட்டி நோட்டு அட்டையில் ஒட்டிக்கொண்டார். அனுமதி வீட்டுக்கு, இவரோ தனக்கே பட்டம் கிடைத்ததாக நடமாடினார். 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, அதற்கான கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று பெயர் போட்டுக்கொள்ள முடியும். நோட்டுக்காரர் பெயர்ப்பலகை வைப்பதில்லை. ஆகவே சட்டத்தாலும் அவரைத் தொட முடியாது.

இத்தனைக்கும் அண்ணன் மகளே பி.ஆர்க். படித்தவள். “நான் வரைஞ்சு தரேன் சித்தப்பா, காசு வேண்டாம்” என்று தானே வந்தாள். வந்தவள் பேனாவை எடுக்கவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தாள். காலையில் எங்கே உட்கார்ந்து பேப்பர் படிப்பீர்கள்? பாட்டிக்கு முழங்கால் எப்படி? சித்தி மாவு அரைப்பது நின்றா, உட்கார்ந்தா? ஊரிலிருந்து எத்தனை பேர் வந்து தங்குவார்கள்? நோட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “அஞ்சு வருஷம் இதத்தான் சொல்லிக்குடுத்தாங்களா?” அவள் விடவில்லை. மேற்குச் சுவரைப் பேக்கர் பாணியில், செங்கலை நிறுத்திவைத்து நடுவில் காலியிடம் விட்டுக் கட்டினால் செங்கல் கால்வாசி குறையும், வெயிலும் சட்டென்று உள்ளே இறங்காது என்றாள். “சுவத்துக்குள்ள ஓட்டையா? யாரம்மா ஏமாத்தப் பாக்குற?” அதோடு ஆலோசனை முடிந்தது.

வேலை தொடங்கியது. பக்கவாட்டில் விட வேண்டியது போக 22 அடி அகலம். நோட்டில் பதினொன்று, பதினொன்றாக இரண்டு அறைகள். கூட்டலில் பிசகில்லை. நோட்டில் சுவர் என்பது பேனாக் கோடு. மனையில் வெளிச்சுவர் இரண்டும் 9 அங்குலம், நடுச்சுவர் நாலரை, பூச்சு தனி. ஏறக்குறைய இரண்டடியைச் சுவரே தின்றுவிட்டது. மிச்சம் இருபது. பத்து, பத்தாகப் பிரித்திருக்கலாம். மனையடி சாஸ்திரமும் பத்தை ஒப்புக்கொள்கிறது. ஆனால் வீட்டுத் தலைவர் அறைக்குப் பதினொன்றுதான் வேண்டும் என்று நின்றார். அடுத்த அறைக்கு ஒன்பது. ஒன்பது ஆகாதே! உள்ளே ஓரடிக்குப் பலகை அடித்து எட்டாக்கினார். எட்டடி அறையில் ஆறரை அடிக் கட்டில். மகன் வந்தால் கட்டிலைச் சுற்றிப் போவதில்லை, மேலேயே ஏறி இறங்குகிறான்.

மாடிப்படிக்கு நோட்டில் ஒன்பது கோடு. மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “சார், ஒம்போது படியில மேல போவணும்னா ஏணிதான் சார் சாத்தணும்.” தளத்துக்குத் தளம் பத்தரை அடி, படிக்கு 7 அங்குல உயரம் வைத்தாலே 18 படி வரும். அத்தனைக்கும் இடம் விட்டால் கூடம் போய்விடும். பேசிப் பேசி, படி 9 அங்குலத்தில் பதினாலுக்கு முடிந்தது. அவருடைய தாயார் மாடியைப் பார்த்தது கிரகப்பிரவேசத்தன்று, இரண்டு பேர் கைத்தாங்கலில். அதோடு சரி.

சுவர் லிண்டல் மட்டத்துக்கு எழும்பிய பிறகு மனைவி கேட்டார்: “ஏங்க, ஃப்ரிட்ஜ எங்க வைக்கிறது?” தாளில் என்றால் ரப்பர் போதும். இங்கே கொத்தனார், இரண்டு சித்தாள், உடைத்த கல்லை அள்ளிப்போக ஒரு டிராக்டர். ஃப்ரிட்ஜ் கூடத்துக்குக் குடிவந்தது.

ஆர்க்கிடெக்ட் எல்லாரும் அவதாரம் என்று சொல்ல வரவில்லை. நாள்தோறும் தாளிக்கிற குடும்பத்துக்குக் கதவில்லாத சமையலறை வரைந்து தருகிறவர்களும், மேற்கு முழுக்கக் கண்ணாடி வைத்துவிட்டுத் திரைச்சீலை வாங்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் சண்டையாவது போடலாம். நோட்டுக்காரர் யாரிடம் போடுவார்? கன்னி மூலைப் படுக்கையறையின் மேற்குச் சுவர் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி கக்குகிறது. ஒன்றரை டன் ஏசி மூச்சுவாங்குகிறது. கூடத்து ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறக்கிறது. காலை பத்து மணிக்கு டியூப்லைட் போட்டுப் பேப்பர் படிக்கிறார். யாராவது கேட்டால், மேஸ்திரி கெடுத்துவிட்டான் என்கிறார்.

வீடு முடிந்ததும் நோட்டு ஓய்ந்துவிடவில்லை. தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் இப்போது இலவசமாகப் பிளான் போட்டுக் கொடுக்கிறார்; மூன்றாவது நோட்டு ஓடுகிறது. நீங்கள் மனை ஏதாவது பதிவு செய்திருந்தால், வீடு கட்டி முடிக்கும் வரை அவர் காதில் போட்டுவிடாதீர்கள்.